ஈரத்தில் வைத்த பொட்டு

“மாஸ்டர், எந்தப் பெயிண்ட்டுங்க சீக்கிரம் காயும்?”

காலையிலிருந்து நாச்சிமுத்து இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் ஆயுத பூசை. வாசலில் நின்ற பழைய பியட் காருக்குத் தன் கையாலேயே பெயிண்ட் அடித்தாக வேண்டும் என்று அடம்.

கற்றுக்கொடுக்க வந்தவள் ஜரீனா, கார் பெயிண்டிங் பட்டறை நடத்துபவள். வயதில் அவரைவிட ரொம்பவே இளையவள். வித்தை சொல்லித் தருகிறவர் யாராக இருந்தாலும் மாஸ்டர்தானே என்று அவர் வாய் நிறையக் கூப்பிட்டார்.

“என்.சி. பெயிண்ட்டுன்னா டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள காஞ்சிருமுங்கண்ணா. எனாமலுக்கு ஒரு ராத்திரி பத்தாது. எதுக்கு இத்தனை அவசரம்?”

“முன்னால எனாமல் அடிச்சுப் பட்ட பாடு போதுமுங்க. விடிஞ்சாப் பூசை, பெயிண்ட்டு காயவேயில்லை. எங்க வீட்டுக்காரி துளசிமணிக்கு ஏது பொறுமை? சந்தனத்தைத் தொட்டு பானெட்டுல அழுத்தி வெச்சுப்போட்டா. விரலு அப்படியே பதிஞ்சுபோச்சு. நான் குதிச்ச குதியில தெருவே கூடிருச்சு. அவ சிரிக்கறா! ‘போச்சாது உடுங்க, இனி வருசா வருசம் எடம் தேட வேண்டியதில்லை’ங்கறா.”

சொன்னபடி வருடா வருடம் அதே இடத்தில்தான் பொட்டு வைத்தாள். இந்த வருடம் வைக்க அவள் இல்லை. வைகாசியில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அதிலிருந்து வண்டியைப் பார்த்தாலே அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூசைக்கு வரும் மகளாவது அதைப் பார்த்து அழக்கூடாது. வண்டி ஆளே மாறியிருக்க வேண்டும்.

ஜரீனா உப்புத்தாளை நீட்டினாள்.

“தேயுங்க.”

கதவுகளைத் தேய்த்தார். மேற்கூரையைத் தேய்த்தார். பானெட்டுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

“அங்க ஒரு குழி இருக்குதுங்கண்ணா. பட்டி வெச்சு அடைச்சாத்தான் புதுசாட்டத் தெரியும்.”

அவர் உப்புத்தாளைக் கீழே வைத்தார்.

ஜரீனா அக்கம்பக்கம் பார்த்தாள். பூசைக்குக் கரைத்து வைத்திருந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்து பானெட்டின் மேல் வைத்தாள்.

“அடைக்கறதுக்கு முந்தி ஒருக்கா வெச்சுப் பாத்துருங்க.”

மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டுக் குழியில் வைத்தார். விரல் உள்ளே போகவில்லை. ஆள்காட்டி விரலை வைத்துப் பார்த்தார், அதுவும் போகவில்லை. சுண்டுவிரல்தான் சரியாக உட்கார்ந்தது.

இத்தனை சின்ன விரலா அவளுக்கு! கூடவே வாழ்ந்தும் ஒருநாள்கூட அவர் அதைக் கவனித்ததில்லை. வாசல் என்றும் பாராமல் பொலபொலவென்று அழுதார்.

ஜரீனா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. என்.சி., எனாமல் டப்பாக்கள் இரண்டையும் கொண்டுவந்து தரையில் வைத்தாள்.

“எதைத் தொறக்கட்டுமுங்கண்ணா?”

நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எனாமலுங்க மாஸ்டர். அந்தக் குழி அப்படியே இருக்கட்டும். காலையில புள்ள வந்துருவா. அவளும் அவங்கம்மாவாட்டத்தான், கொஞ்சங்கூடப் பொறுமை கிடையாது.”