தண்ணீர் பார்த்த ஆட்டம்

அந்தக் காலத்தில் தண்ணீருக்கு ஞாபகம் இருந்தது. மிருகமும் பறவையும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம் அது. தண்ணீர் மட்டும் பேசாது. ஆனால் பார்த்ததை மறக்காது. இந்த விஷயம் ஆமைக்கு மட்டும்தான் தெரியும். ஆமையோ கேட்டால் ஒழிய எதையும் சொல்லாத பிறவி.

பெரிய கண்மாய் ஒன்று. கோடையில் அது வற்றி, நடுவில் ஒரு மடு மட்டும் மிஞ்சும். அந்த மடுவுக்காக எருமைகளும் புள்ளிமான்களும் வருஷா வருஷம் முட்டிக்கொண்டு செத்தார்கள். தாகத்தில் சாகிறவர்களைவிடக் குத்துப்பட்டுச் சாகிறவர்கள் அதிகமாகிவிட்டதும்தான் புத்தி வந்தது. வறண்ட தரையில் ஒரு பனங்காயை உதைத்து விளையாடித் தீர்த்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். இந்தக் கோடியில் இரண்டு பனை, அந்தக் கோடியில் இரண்டு பனை. பனைகளுக்கு நடுவே ஆமை வயிற்றை இழுத்துக்கொண்டு ஊர்ந்து கோடு போட்டுக் கொடுக்கும். காய் கோட்டை முழுசாகத் தாண்ட வேண்டும். நாம் இப்போது கோல் என்று தொண்டை கிழியக் கத்துகிறோமே, அதுதான். ஜெயித்த கூட்டத்துக்கு மழை வரும்வரை மடு சொந்தம். தோற்ற கூட்டம் மூன்று நாள் நடந்து மலையடிவாரத்து ஓடைக்குப் போய்விட வேண்டும். சமமாக முடிந்தால் இருவருக்கும் பாதிப் பாதி.

ஆட்டத்துக்கு நடுவர் ஆள்காட்டிப் பறவை. அவள் எருமையும் இல்லை, மானும் இல்லை. மரத்தில் உட்காருகிற வழக்கம் கிடையாது; நீளக் காலால் தரையில் ஓடுகிறவள். தொண்டை திறந்தால் ஊரே கூடிவிடும். இதைவிட என்ன வேண்டும்? கூலியாக அவள் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான். அவளுக்குக் கூடு கட்டத் தெரியாது. வெட்டவெளியில், கூழாங்கற்களோடு கூழாங்கல்லாக நாலு முட்டை இட்டுவைப்பாள். "அந்த எடத்துல மட்டும் ஒரு குளம்பும் படக் கூடாது" என்றாள். இரண்டு கூட்டமும் சத்தியம் செய்தன. அதன் பிறகு நூறு எருமை புழுதி கிளப்பிக்கொண்டு வந்தாலும் அந்தக் கையகல இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகும். அவள் சொல்லுக்கு இருந்த மதிப்புதான் அவள் முட்டைக்கு வேலி.

இப்படியே பல வருஷம் ஓடியது. பிறகு ஒரு கோடை வந்தது. மலையடிவாரத்து ஓடையும் வற்றிவிட்டதென்று ஒரு கொக்கு பறந்துவந்து சொல்லிவிட்டுப் போனது. அதாவது, அந்த வருஷம் தோற்கிற கூட்டத்துக்குப் போக இடமில்லை.

ஆட்டம் சாயங்காலம்வரை சமமாகவே போனது. பொழுது சாயப்போகிற நேரத்தில் எருமைகளின் தலைவி காரிச்சி பனங்காயை ஓர் உதை உதைத்தாள். காய் பனைமரத்தில் மோதி, கோட்டருகே விழுந்து, திரும்பி உருண்டு வெளியே வந்துவிட்டது. எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள்.

"தாண்டிருச்சு! தாண்டிருச்சு!" என்று கத்தினாள் ஆள்காட்டி.

எருமைகள் போட்ட கூச்சலில் பனை ஓலையெல்லாம் அதிர்ந்தது. மான்களின் தலைவன் சிறுகொம்பன் ஓடிவந்தான்.

"அக்கா, கோட்டு மேலதான் விழுந்துச்சு. தாண்டலை."

"நான் சொன்னாச் சொன்னதுதான்."

"எங்க குட்டிகளை எங்க கூட்டிட்டுப் போவேன், சொல்லு? ஓடையும் இல்லையே!" கோடு போட்ட ஆமையிடம் திரும்பினான். "பெரியவரே, நீங்களாவது பார்த்தீங்களா?"

"நான் எங்கப்பா பார்த்தேன்? கழுத்தை நீட்டுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்றது ஆமை. "தண்ணியைக் கேளு. மடுவுக்கு எதிர்லதானே நடந்துச்சு? பக்கத்துல போய், எதைப் பார்க்கணுமோ அதை மனசுல நினைச்சுக்கிட்டுக் குனி. தொட்டுறாதே. தொட்டாக் கலைஞ்சிரும்."

சிறுகொம்பன் குனிந்தான். பின்னாலேயே எல்லோரும் வந்து கரையைச் சுற்றி நின்றார்கள். மடு ஒரு கணம் கறுத்தது. பிறகு அதற்குள்ளே சற்று முன் அடித்த அதே வெயில் அடித்தது, அதே புழுதி எழுந்தது. காரிச்சி பிறந்ததிலிருந்து பார்த்திராத தன் முதுகைப் பார்த்தாள். ஒரு மான்குட்டி தான் துள்ளுவதைத் தானே பார்த்துவிட்டு, அம்மாவின் காலுக்கிடையில் ஒளிந்துகொண்டது. முடிந்துபோனது முடிந்துபோகவில்லை, எங்கேயோ அப்படியே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன.

தண்ணீருக்குள் பனங்காய் விழுந்தது.

"தாண்டுது பாரு!" என்றன கீழ்க்கரையில் நின்ற எருமைகள்.

"எங்க தாண்டுது? கோட்டைத் தொட்டுக்கிட்டுல்ல கிடக்கு!" என்றன மேல்கரையில் நின்ற மான்கள்.

மறுபடி பார்த்தார்கள். இடம் மாறி நின்று பார்த்தார்கள். கூட்டத்தில் யாரும் நின்ற இடத்தை மனசுக்குள் மாற்றிக்கொள்ளவில்லை. தண்ணீர் சலிக்காமல் காட்டிக்கொண்டே இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கிளம்பிற்று. அவன் என்னை இடித்ததைக் காட்டு. அவள் குறுக்கே கால் வைத்ததைக் காட்டு. போன வருஷத்து ஆட்டத்தைக் காட்டு, அதற்கு முந்தின வருஷத்தைக் காட்டு. ஜெயித்தபோது போட்ட கூச்சல்கூட இப்போது கூச்சமாக இருந்தது. தண்ணீர் சரியென்று சொல்லாமல் சந்தோஷப்படலாமா என்று அவரவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இன்றைக்கும் பெரிய மைதானங்களில், நடுவர் போய் ஓரத்துப் பெட்டியில் ஓடுகிற படத்தைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று வந்த சிரிப்பை வாயிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறார்களே, அந்தக் கதைதான்.

இதில் ஒரு கொடுமை. வாய் வைத்தால் தண்ணீர் கலைந்துவிடும் என்பதால் யாரும் யாரையும் குடிக்க விடவில்லை. ஒரு நாள் போயிற்று. இரண்டு நாள் போயிற்று. கண்ணெதிரே மடு நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு இரண்டு கூட்டமும் நாக்கு வறண்டு நின்றன.

ஆள்காட்டி மட்டும் கரைப்பக்கமே வரவில்லை. அவளுக்கு ரோஷம். "என் கண்ணைவிட இந்தத் தண்ணிக்கு ரொம்பத் தெரியுமோ?" என்று முட்டைகளைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். தான் பார்த்தது சத்தியம் என்றுதான் அவளும் நம்பினாள். மூன்றாம் நாள் உச்சி வெயிலில் மனசு கேட்காமல் போய்க் குனிந்தாள்.

மற்றவர்கள் எல்லாம் பனங்காயையே பார்த்தார்கள். தன்னையே அதுவரை பார்த்திராத அவள், பனைமரத்தடியில் நின்ற ஒரு மஞ்சள் கால் பறவையைப் பார்த்தாள். அந்தப் பறவையின் கழுத்து திரும்பியிருந்தது. ஓர் எருமைக்கன்று வழிதவறி முட்டைகளின் பக்கம் போனதை அது பார்த்துக்கொண்டிருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் காய் விழுந்தது, உருண்டது. பிறகுதான் பறவை திரும்பியது. வாயைத் திறந்து கத்தியது.

அந்தப் பறவை தான்தான் என்று அவளுக்குப் புரிந்தது. தனக்கே தெரியாமல் தனக்குள் மறைத்து வைத்ததை இந்தத் தண்ணீர் இத்தனை நாளாக எல்லோருக்கும் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. ஒருவரும் கவனிக்கவில்லை. இனியும் கவனிக்கப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போனால் அவள் நடுவர்தான், அவள் முட்டைக்கு வேலியும் இருக்கும். அன்று காலையில்தான் ஒரு முட்டைக்குள் குஞ்சு கொத்துகிற சத்தம் கேட்டிருந்தது. இன்னும் இரண்டு நாள் போதும் அவளுக்கு.

அப்போது அதே கன்று கால் மடங்கிக் கரையில் விழுந்தது. தண்ணீரை நோக்கி நாக்கை நீட்டியது. அதன் தாய் மூக்கால் அதைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"பொறு கண்ணு. தீர்ப்பு வரட்டும்."

ஆள்காட்டி அதற்குமேல் யோசிக்கவில்லை. மடுவுக்குள் கால் வைத்து இறங்கினாள். ஆட்டம், புழுதி, பனங்காய் எல்லாம் வட்டம் வட்டமாக உடைந்தது.

"ஐயோ, கலைச்சுட்டா!" என்று இரண்டு கூட்டமும் பாய்ந்தன.

"பார்க்கலை!" என்று கத்தினாள் அவள். "நான் பார்க்கலை! காய் விழுந்தப்போ என் கண்ணு முட்டை மேல இருந்துச்சு. தாண்டுச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

எருமைகள் காரிச்சியைப் பார்த்தன. அவள் ஒரு வார்த்தை கோபமாகச் சொன்னால் போதும், மறுபடி கொம்பும் ரத்தமும்தான். காரிச்சி கரையில் கிடந்த கன்றைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"நடுவர் பார்க்காத காய் தாண்டாத காய். ஆட்டம் சமம். பாதிப் பாதி."

பாதியைப் பிரிக்க யாருக்குப் பொறுமை? எருமையும் மானும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நாலு பக்கமும் வாய் வைத்தார்கள். மூன்று நாள் தாகம். அந்த ஆட்டத்தைக் குடித்தார்கள், போன வருஷத்து ஆட்டத்தைக் குடித்தார்கள், பழைய கொம்புச் சண்டைகளையும் சேர்த்துக் குடித்தார்கள். தலை நிமிர்ந்தபோது தண்ணீரில் ஈரமான முகங்களும் மேலே இருந்த வானமும் மட்டும்தான் தெரிந்தன. எத்தனை நினைத்துக் குனிந்தாலும் வேறொன்றும் வரவில்லை.

ஆள்காட்டி முட்டைகளிடம் போய் இறக்கையை விரித்துக்கொண்டு நின்றாள். வயிறு நிறைந்த எருமைக் கூட்டம் அவளை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது.

"சொன்ன சொல்லை நான் காப்பாத்தலை" என்றாள் காரிச்சியிடம். "நீங்களும் காப்பாத்த வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் கொடுத்தா எப்படியாவது உருட்டிக்கிட்டுப் போயிடுவேன்."

காரிச்சி தூக்கிய குளம்பை அப்படியே நிறுத்தினாள்.

"மூணு நாளா அந்தத் தண்ணி எல்லாத்தையும் காட்டுச்சு, தாயி. தெரியலைன்னு ஒரு தடவைகூடச் சொல்லலை. நீ சொன்னே."

சொல்லிவிட்டு அவள் சுற்றிக்கொண்டு போனாள். அவள் பின்னால் நூறு எருமையும் சுற்றிக்கொண்டு போயிற்று.

அதிலிருந்துதான் தண்ணீர் குனிகிறவர் முகத்தை மட்டும் காட்டிவிட்டு, அவர் நகர்ந்ததும் மறந்துவிடுகிறது. எந்தப் பொட்டலில் வேண்டுமானாலும் நின்று பாருங்கள், அன்று முதல்தான் ஆள்காட்டி நாலு எட்டு ஓடுகிறது, சட்டென்று நிற்கிறது, தலையைத் தாழ்த்தித் தரையை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டு மறுபடி ஓடுகிறது.