மாத்திரை தின்ற மறுநாள்

அம்பலவாணர் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாமி முன்னால் வந்து நின்றார். காலமெல்லாம் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்றபின் காவேரிக் கரை மடத்துக்கு வந்தவர். குருவான இந்தச் சாமிக்கோ அவர் மகன் வயசு. இதில் யார் சீடன் என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டுமே, அவருக்கென்ன!

ஆனால் இன்று அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் கெளம்பறேனுங்க சாமி."

"ஏனுங்க?"

"இங்க வர்ற வரைக்கும் நல்ல மனுசனாத்தான் இருந்தேன். நீங்க சொன்னபடி கண்ணை மூடி உக்காந்ததுல இருந்து, செத்துப்போன அண்ணன் மேல பொறாமை, பெத்த மகன் மேல வன்மம். இத்தனை அழுக்கு எனக்குள்ள இருந்ததே இல்லை. இந்தத் தியானம் எனக்கு ஆகலைங்க."

சாமி வாய் திறக்குமுன் செங்கல் சூளையில் வேலை செய்கிற ருக்குமணி ஓடிவந்தாள். இடுப்பில் மகள்.

"சாமி, திருநீறு போடுங்க! நேத்துப் பள்ளிக்கூடத்துல மாத்திரை குடுத்தாங்க. இன்னிக்கு வெளிக்குப் போனா, சாண் நீளத்துக்குப் பூச்சி பூச்சியா வருதுங்க! நல்லா இருந்த புள்ளைங்க! நாளைக்குப் பால்வாடியில சின்னவனுக்கும் குடுப்பாங்களாமா. வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டிருவேன்!"

சாமி அம்பலவாணரைப் பார்த்தார். "மருந்து தெரிஞ்சவரு நீங்கதான். போற போக்குல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

அம்பலவாணருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குழந்தையின் கீழிமையை விரலால் இறக்கிப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது.

"ஏனம்மிணி, இவ எவ்வளவு தின்னாலும் ஒடம்புல ஒட்டாதே?"

"ஆமாங்க. மண்ணு வேற திங்கும்."

"மாத்திரையா பூச்சியைக் கொண்டாந்து வெச்சுது? அது எத்தனை நாளாவோ உள்ள குடியிருந்து புள்ள சோத்தைத் தின்னுட்டிருந்துச்சு. இப்பத்தான் வெளியேறுது. சந்தோசப்படுவியா, அதை விட்டுட்டு! இன்னும் ரெண்டொண்ணு வரும், பயந்துக்காதே. சின்னவனுக்கும் தவறாம குடு."

ருக்குமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "தெய்வமாட்டச் சொன்னீங்க. நீங்க மகராசனா இருக்கோணும்!" என்று கும்பிட்டுவிட்டு, மகளுக்கு ஒரு முத்தம் கொடுத்தபடி போனாள்.

அம்பலவாணர் சிரித்துக்கொண்டே திரும்பினார். சாமி இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு நின்றது.

பிறகு பையைக் கழற்றிக் கீழே வைத்தார். கண் கலங்கிவிட்டது. கை தானாகக் குவிந்தது.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலைங்க சாமி."

"இன்னும் ரெண்டொண்ணு வரும்," என்றார் சாமி. "பயந்துக்காதீங்க."