புல் அடைத்த குட்டி

அரபு நாட்டுக்கு ஒட்டகம் மேய்க்கப் போன பூமிநாதன், மந்தையை அடுத்த கிணற்றுக்கு ஓட்டிக்கொண்டு மூன்று நாளாகப் பாலைவனத்தில் நடந்தான். ஓணான்கூட மணலில் கால் மாற்றி மாற்றித் தூக்கி நின்ற வெயில். அதில் ஒரு குட்டி சுருண்டு செத்தது. அதன் தாய் பால் கறக்க மடியைத் தொடவிடவில்லை.

குளுகுளு ஜீப்பில் விருந்தாளிகளோடு வந்து இறங்கினார் முதலாளி. "சாயங்காலத்துக்குள்ள இதோட பால் வேணும். இல்லேன்னா நீ ஊரை மறந்துடு."

பூமிநாதன் குட்டியின் தோலை உரித்து, காய்ந்த புல்லை அடைத்துத் தாயின் முன்னால் நிறுத்தினான். அது முகர்ந்தது, நக்கியது, பால் சுரந்தது.

முதலாளி விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தார். "முட்டாள் பிராணி. வெறும் தோலைக் காட்டினாப் போதும்."

"முட்டாள் இல்லைங்க முதலாளி, பிள்ளை நெனப்பு," என்றான் பூமிநாதன் கறந்துகொண்டே. "'அடுத்த மாசம் ஊருக்கு அனுப்புறேன்'னு நாலு வருஷமா எனக்கும் ஒரு தோலைத்தான் காட்டுறீங்க. நானும் உழைச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

விருந்தாளிகள் பால் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்கள்.

மறுவாரமே டிக்கெட் வந்தது. கிளம்பிய காலையில் தாய் ஒட்டகம் இன்னும் அந்தத் தோலை நக்கிக்கொண்டிருந்தது. அதை ஏமாற்றியவன் திரும்பிப் பார்க்காமல் ஜீப்பில் ஏறினான்.