மூன்று ஜோடி டிஸ்க், ஒரு கால்

கோயமுத்தூரில் டீ ஆற்றுபவர் மாஸ்டர், சட்டை தைப்பவர் மாஸ்டர், பரோட்டா வீசுபவரும் மாஸ்டர். செட்டிப்பாளையம் கார் பந்தயத் தடத்துக்குப் போகிற வழியில், தகரக் கூரை போட்ட ஷெட்டில் வேலை பார்க்கும் கோகிலவாணியும் மாஸ்டர்தான். பிரேக் மாஸ்டர்.

அவருக்கு முப்பத்தாறு வயது. அவரிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, இனி நமக்கென்று ஒன்று வேண்டும் என வேகமான கார் வாங்கியவர்கள். முதல் நாளே அவர்களிடம் மாஸ்டர் சொல்லிவிடுவார்.

"ஓட்டக் கத்துக்குடுக்க ஊர்பூரா ஆளிருக்காங்க. நான் நிறுத்தத்தான் கத்துக்குடுப்பேன்."

சிலர் அத்தோடு போய்விடுவார்கள். வக்கீல் ஈஸ்வரமூர்த்தி போகவில்லை. அவர் எதையும் அவ்வளவு சீக்கிரம் விடுகிறவர் இல்லை. சாட்சி ஆமாம் என்று ஒப்புக்கொண்ட பிறகும் நான்கு கேள்வி கேட்பார் என்று சிவில் கோர்ட்டில் அவருக்குப் பெயர். நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தால் ஐந்தாவதும் கேட்பார்.

சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அவர் ஓட்டி மாஸ்டர் இன்னும் பார்க்கவில்லை. ஒரு வியாழக்கிழமை காலையில் நாவற்பழ நிறக் காரை ஷெட் வாசலில் நிறுத்திவிட்டு, கையில் நோட்டுப் புத்தகத்தோடு இறங்கினார்.

"மாஸ்டர், ஒரு சந்தேகமுங்க."

"கேளுங்க."

"முன்சக்கரத்துக்கு டிஸ்க்கும் பேடும் மாத்தணும். எது எடுக்கறதுன்னு நீங்கதான் சொல்லணும். டிஸ்க்குல துளை போட்டது இருக்குது, கோடு கிழிச்சது இருக்குது, ரெண்டும் இருக்கறது இருக்குது. பேடுல செராமிக் இருக்குது, இரும்புத்தூள் கலந்தது இருக்குது, பந்தயத்துக்குன்னே வர்றது இருக்குது. எல்லாத்தையும் படிச்சு எழுதிவச்சிருக்கறன்."

சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு டிஸ்க்; பிரேக்கை மிதித்தால் அதை இரு பக்கமும் கவ்விப் பிடிப்பது பேடு. இரண்டையும் பற்றிப் பதினோரு பக்கம் எழுதியிருந்தார். மாஸ்டர் நோட்டை வாங்கவில்லை.

"இப்ப இருக்கறதுக்கு என்னங்க?"

"கோணிடுச்சுங்க. பிரேக் புடிச்சா ஸ்டீயரிங் கிடுகிடுன்னு ஆடுது. இது மூணாவது ஜோடி. ஒவ்வொரு தடவையும் வேற கம்பெனி, வேற கடை. நாலு மாசம் நல்லா இருக்குது, அப்புறம் கோணிடுது."

"அதுக்கு இவ்வளவு அவசரமா?"

வக்கீல் நோட்டை மூடினார். குரலும் கொஞ்சம் இறங்கியது.

"ஞாயித்துக்கிழமை எங்க கல்யாண நாளுங்க. முப்பதாவது. கோத்தகிரி கூட்டிட்டுப் போறேன்னு வீட்டுல சொல்லியிருக்கறன். போன வருஷமும் போனோம். மலை இறங்கி வரும்போது ஆடுன ஆட்டத்துல அவ பயந்துட்டா. குஞ்சப்பனை டீக்கடையில இறங்கி, பஸ் ஏறி வீட்டுக்குப் போயிட்டா. அன்னையிலிருந்து இந்த வண்டியில ஏறலை. இந்தத் தடவை, மாஸ்டர் சரின்னு சொன்னா ஏறுறேன்னு சொல்லியிருக்கா."

சுலோச்சனா ஏறாத காரை வைத்துக்கொண்டு அவர் ஒரு வருஷமாகத் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டில் கேஸ் கட்டு உட்கார்ந்து வந்தது. இதை அவர் சொல்லவில்லை. சீட்டில் கட்டின் தடம் தெரிந்தது.

"பழைய டிஸ்க்கெல்லாம் தூக்கிப் போட்டுட்டீங்களா?" என்றார் மாஸ்டர்.

"இல்லீங்க. வீட்டுல கிடக்குது."

"கொண்டாங்க."

மத்தியானம் அரிசிச் சாக்கில் பழைய இரண்டு ஜோடி, நான்கு டிஸ்க்கும் வந்தன. இதற்குள் மாஸ்டர் முன்சக்கரங்களைக் கழற்றி, வண்டியில் இருந்த டிஸ்க்கின் மேல் கோணலை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்திருந்தார். டிஸ்க்கைக் கையால் மெதுவாகச் சுற்றினார்.

"முள்ளைப் பாருங்க. எவ்வளவு ஆடுது?"

வக்கீல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஆடவே இல்லீங்களே."

"கோணலா இருந்தா ஆடும்."

"அப்ப டிஸ்க்கு கோணவே இல்லை. சரி. ஆனா ஸ்டீயரிங் ஆடுதே? மூணு கடைக்காரனும் கோணல்னு சொன்னானே? கேஜ் சரியா இருக்குதுங்களா? இன்னொரு தடவை..."

மாஸ்டர் சாக்கை அவிழ்த்தார். நான்கு டிஸ்க்கையும் தரையில் வரிசையாக அடுக்கினார். துரு ஏறியிருந்தது. உப்புத்தாளை எடுத்து வக்கீல் கையில் கொடுத்தார்.

"தேய்ங்க."

வக்கீல் வெள்ளைச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து தேய்த்தார். அரை மணி நேரம் ஆனது. துரு போனதும் ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஓரிடத்தில் கருப்பாக ஒரு கறை எழுந்தது. உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் வளைவு, இரண்டு ஓரம் நேர்க்கோடு.

மாஸ்டர் ஒரு பழைய பேடை எடுத்து அந்தக் கறைமேல் வைத்தார். அச்சாகப் பொருந்தியது. அடுத்த டிஸ்க்கில் வைத்தார். பொருந்தியது. வண்டியில் இருந்த டிஸ்க்கையும் திருப்பிக் காட்டினார். அங்கேயும் அதே கறை.

"கொதிக்கக் கொதிக்க இருக்கற டிஸ்க்கை ஒரே எடத்துல அழுத்திப் புடிச்சா, பேடு கொஞ்சம் உருகி அங்க ஒட்டிக்கும். அப்புறம் ஒவ்வொரு சுத்துக்கும் அந்த எடம் வந்து இடிக்கும். அதத்தான் கோணல்ங்கறாங்க."

"யாருங்க அப்படிப் புடிக்கறது?"

"மூணு கம்பெனி டிஸ்க்குங்க," என்றார் மாஸ்டர். "ஒரே கால்."

வக்கீலுக்கு முகம் சிவந்தது. தேய்த்த களைப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

"என் கால்னு எப்படிங்க சொல்றீங்க? சூழ்நிலையை வச்சு சொல்றது. நேரடி சாட்சி இல்லையே."

"நாளைக்குக் காலையில தடத்துக்கு வாங்க. சாட்சி பார்க்கலாம்."

வெள்ளிக்கிழமை தடத்தில் வேறு வண்டி இல்லை. மாஸ்டர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார்.

"நூறுக்குப் போங்க."

போனார்.

"நிறுத்துங்க."

வக்கீல் மிதித்தார். ஸ்டீயரிங் அவர் கையில் உதறியது. வண்டி மூக்கைத் தாழ்த்தி, உறுமி, நின்றது. தூரத்தில் மயில் ஒன்று அகவியது. மாஸ்டர் ரோட்டைப் பார்க்கவில்லை, கீழே பார்த்துக்கொண்டிருந்தார். மனசுக்குள் பதினொன்று வரை எண்ணினார்.

"வண்டி நின்னுடுச்சுங்களா?"

"நின்னுடுச்சுங்க."

"காலு?"

வக்கீல் குனிந்து பார்த்தார். வலது கால் பெடலைத் தரையோடு தரையாக அமுக்கிக்கொண்டிருந்தது. கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. அது அப்படி இருப்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"அது... ஒரு பத்திரத்துக்குங்க."

"தரை மட்டமா இருக்குது. முன்னாடி ஆளில்லை. எதுக்குப் பத்திரம்?"

"மறுபடி உருண்டுட்டா?"

"உருண்டா மறுபடி மிதிக்கலாமுங்க."

"மேடா இருந்தா?"

"கைப்பிரேக் இருக்குது."

"சிக்னல்ல?"

"வக்கீலய்யா," என்றார் மாஸ்டர், "நின்னுடுச்சு. காலை எடுங்க."

எடுத்தார். வண்டி அங்கேயேதான் நின்றது. வக்கீல் அதைக் கொஞ்ச நேரம் ஆச்சரியமாகப் பார்த்தார்.

பிறகு இருவரும் ஷெட்டுக்குத் திரும்பினார்கள். வண்டியில் இருக்கிற டிஸ்க்கில் கறை இன்னும் இரும்போடு ஒன்றாகவில்லை, தேய்த்தால் போய்விடும் என்று மாஸ்டர் சொன்னார். டிஸ்க்கை மாஸ்டர் தேய்த்தார், பேடை வக்கீல் தேய்த்தார். இந்த முறை அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு பனியனோடு உட்கார்ந்தார். கோர்ட்டில் யாராவது பார்த்திருந்தால் அடையாளம் தெரிந்திருக்காது.

தேய்க்கிற நேரத்தில் அவர் நோட்டை மறக்கவில்லை.

"அப்ப புதுசு வேண்டாமுங்களா?"

"இருக்கறதே நல்லா இருக்குது."

"இருந்தாலும், ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். எது ஒசத்தி? அந்தப் பந்தயப் பேடு, அறுநூறு டிகிரியிலயும் புடிக்குமாமே?"

"புடிக்கும். காலையில வீட்ட விட்டு எறங்கறீங்க. தெருமுனையில மாடு குறுக்க வருது. பேடு பச்சத்தண்ணியா இருக்குது. நல்லா சூடேறுனாத்தான் புடிக்கும். அதுவரைக்கும் அந்த மாட்டை நிக்கச் சொல்லுவீங்களா?"

வக்கீல் சிரித்தார். "சரிங்க. துளை போட்ட டிஸ்க்கு?"

"இந்த வண்டி எங்க போகுதுங்க?"

"கோர்ட்டுக்கு. மாசத்துக்கொரு தடவை தடத்துக்கு. இனிமே கோத்தகிரிக்கு."

"துளை எதுக்கு?"

"பார்க்க நல்லா இருக்கும்."

"அது நெசந்தான்," என்றார் மாஸ்டர். "பேடு தேஞ்சா இப்பப் போட்டிருக்கறதையே வாங்குங்க. டிஸ்க்கு தேஞ்சா துளையில்லாத வெறும் டிஸ்க்கு."

பதினோரு பக்கத்துக்கு அவ்வளவுதான் தீர்ப்பு. வக்கீல் நோட்டைத் திறந்து கடைசிப் பக்கத்தில் அதை எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை மறுபடி தடம். தேய்த்த பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். நூறுக்குப் போய் இருபதுக்கு இறக்க வேண்டும், நிற்கக் கூடாது, உடனே காலை எடுத்து மறுபடி நூறு. அப்படிப் பன்னிரண்டு தடவை.

முதல் ஐந்தில் வக்கீலின் கால் பெடலிலேயே தங்கிவிட்டது.

"இறங்கிடுச்சு. காலை எடுங்க."

"எடுத்துட்டனுங்க."

"இல்லீங்க."

எட்டாவதில் பாதி எடுத்தார். பத்தாவதில் மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. பன்னிரண்டாவதில் ஸ்டீயரிங் அவர் கையில் ஒரு துளி உதறல் இல்லாமல் நின்றது. வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார். ஐம்பத்தாறு வயதில் அப்படிச் சிரிக்க ஒரு மனிதருக்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். காற்றில் ஆறுவதற்கு ஒரு சுற்று மெதுவாக ஓட்டி, ஓரமாக உருட்டி விட்டு, பெடலைத் தொடாமலே நிறுத்தினார்.

"சரியா மாஸ்டர்?"

"வண்டி சரிங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வக்கீல் காரில் வந்தார். சுலோச்சனா பின்னாலேயே ஆட்டோவில் வந்தாள். மாஸ்டர் வாயால் கேட்காமல் ஏறுவதில்லை என்று சொன்னவள், சொன்னபடியே செய்தாள். பச்சைப் பட்டு கட்டியிருந்தாள். கையில் தக்காளி சாதமும் தயிர் சாதமும் வைத்த தூக்கு.

"வாங்கக்கா," என்றார் மாஸ்டர்.

"ஏம்மா, நிக்குமா இது?"

"நிக்குமுங்க."

"ஆடாதா?"

"ஆடாதுங்க."

சுலோச்சனா காரை ஒருமுறை சுற்றி வந்தாள். முன்சக்கரத்தின் பக்கம் குனிந்து பார்த்தாள். என்ன பார்த்தாளோ, திருப்தியாகத் தலையாட்டினாள். முன்கதவின் கைப்பிடியில் கை வைத்தாள்.

ஒரு வருஷம் காத்திருந்த கை அது. வக்கீலுக்கு மனசு நிறைந்துவிட்டது. நிறைந்த மனசோடு அவர் வாயைத் திறந்தார்.

"பார்த்தயா சுலோ? வண்டியில ஒரு குத்தமும் இல்லை. டிஸ்க்கு கோணவே இல்லை. கேஜ் வச்சுப் பார்த்தாச்சு. நீதான் அன்னைக்குப் பாதி வழியில எறங்கி ஓடிட்டே."

"பயமா இருந்துச்சுங்க."

"பயந்தா? கட்டுனவன் ஓட்டறப்ப பஸ் ஏறிப் போறதா? டீக்கடையில எத்தனை பேரு பார்த்தாங்க தெரியுமா?"

"சரிங்க. பஸ்ல போனது என் தப்புதான். விடுங்க."

"தப்புன்னு இன்னைக்குச் சொல்றே. அன்னைக்கு ராத்திரி நான் கேட்டப்ப என்ன சொன்னே? அதுக்கு மறுநாள் என்ன சொன்னே? பொங்கலுக்கு உங்கண்ணன் வந்தப்பவும் நான் கேட்டேன்..."

சுலோச்சனாவின் கை கைப்பிடியிலிருந்து இறங்கியது. வாசலில் ஆட்டோ இன்னும் போகவில்லை. அவள் அந்தப் பக்கம் பார்த்தாள்.

மாஸ்டர் கைத் துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"வக்கீலய்யா."

"என்னங்க மாஸ்டர்?"

"நின்னுடுச்சு. காலை எடுங்க."

ஈஸ்வரமூர்த்தி குனிந்து தன் காலைப் பார்த்தார். இரண்டு காலும் ஷெட்டின் சிமெண்டுத் தரையில், செருப்புக்குள் இருந்தன. கேட்பதற்கு இன்னும் நான்கு கேள்வி அவரிடம் இருந்தது.

அவர் கேட்கவில்லை.

சுலோச்சனா ஆட்டோக்காரரைப் போகச் சொல்லிவிட்டு, முன்சீட்டில் இருந்த கேஸ் கட்டைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டாள்.