ரிட்டர்ன் பைப்

நாச்சிமுத்து தொழில் கற்றுக்கொள்ள வந்தபோது அவருக்குத் தலை நரைத்திருந்தது. கற்றுக்கொடுத்த சுகந்தி அவரைவிட ரொம்ப இளையவள். அவர் அவளை மேஸ்திரி என்று கூப்பிட்டார். அவள் அவரை அண்ணா என்றாள்.

அதற்கு முன்பு அவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருமுறை வெளிமாநிலத்தில், ஒரு சோளக்காட்டு ஓரத்தில், அந்த எஞ்சின் தானாக வேகம் எடுத்தது. சாவியைத் திருப்பினார்கள். நிற்கவில்லை. டீசல் குழாயைக் கழற்றி விட்டார்கள். அப்போதும் நிற்கவில்லை. கத்திக் கத்திக் கடைசியில் வெடித்துச் சிதறியது. கூட வேலை பார்த்த பழனியப்பனுக்கு ஒரு கை போயிற்று.

அதோடு ஊருக்குத் திரும்பிவிட்டார். நாமக்கல் பக்கம் சுகந்தியின் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்த அன்றைக்கே கேட்டார்.

"சாவியை அணைச்சும் எஞ்சின் எப்படிங்க ஓடும்?"

"டர்போ எண்ணெயைக் கக்கியிருக்கும். அது காத்தோட சேர்ந்து எஞ்சினுக்குள்ள போகும். எஞ்சினுக்கு டீசல் வேற எண்ணெய் வேறன்னு தெரியாது. கிடைச்சதை எரிச்சுக்கிட்டு ஓடும்."

"அப்புறம் எப்படி நிறுத்தறது?"

"காத்துப் போற வாயை அடைக்கோணும். இல்லாட்டிப் பெரிய கியரைப் போட்டு, பிரேக்கை மிதிச்சு, கிளட்ச்சை விடோணும். திணறி நின்னுரும்."

அவர் அங்கேயே தங்கிவிட்டார்.

டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் ஒரு சின்னச் சக்கரம். சுகந்தியின் ஷெட்டில் அதுதான் முக்கிய வேலை. ஒரு வருஷம் போனபின் நாச்சிமுத்து முதல்முறையாகத் தனியாக ஒன்றை மாட்டினார். கொல்லிமலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ராசாங்கத்தின் வேன் அது. வண்டியோடு வந்த டர்போ தேய்ந்துபோனதால், வேறு கம்பெனி டர்போ ஒன்றைப் புதிதாக வாங்கி வந்திருந்தார் ராசாங்கம்.

நாச்சிமுத்து ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு தடவை முடுக்கினார். எண்ணெய் ஒழுகிவிடக் கூடாது என்பதைத் தவிர அவர் மனதில் வேறொன்றும் இல்லை.

வேன் ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. சைலன்சரில் நீலப் புகை. டர்போவைச் சுற்றிலும் எண்ணெய் ஈரம்.

டர்போதான் சரியில்லை என்றார் நாச்சிமுத்து. கடைக்காரனிடம் சண்டை போட்டு வேறொன்று வாங்கி வந்து மாட்டினார்கள். அதுவும் ஒழுகியது, முதலாவதைவிட அதிகமாக.

அன்று ராத்திரி அவர் கண்ணை மூடினால் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் வேன் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே பலாப்பழ மூட்டைகளுக்கு நடுவே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ராசாங்கம் சாவியைத் திருப்பினார். எஞ்சின் நிற்கவில்லை.

மறுநாள் காலையில் சுகந்தியிடம் போய் நின்றார்.

"மேஸ்திரி, இன்னும் எத்தனை டர்போ மாத்தறது?"

சுகந்தி வேனுக்குள் ஏறி உட்கார்ந்தாள். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றச் சொன்னாள். கழற்றினார். கனமான ஒரு பலகையை எடுத்து வரச் சொன்னாள். எடுத்து வந்தார்.

"காத்துப் போற வாய்க்கிட்ட நில்லுங்ணா. எஞ்சின் எம்பேச்சைக் கேக்கலைன்னா பலகையை வெச்சு மூடிருங்க."

"கேக்காமப் போகுமுங்களா?"

"தெரியலை. பாத்தாத்தானே தெரியும்."

எஞ்சின் கிளம்பியது. கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடியது. சுகந்தி ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டுக் காலை எடுத்தாள்.

சத்தம் இறங்கவில்லை.

ஏறியது. வெள்ளைப் புகை ஷெட்டை நிறைத்தது. சுகந்தி சாவியைத் திருப்பி வெளியே எடுத்துவிட்டாள். சத்தம் இன்னும் ஏறியது. அந்தச் சத்தத்தை நாச்சிமுத்துவுக்குத் தெரியும். தகரக் கூரை அதிர்ந்தது. "மூடுங்ணா" என்று அவள் சொன்னது வாயசைவாக மட்டும் தெரிந்தது.

பிறகு அவர் ரோட்டில் நின்றுகொண்டிருந்தார். எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. பலகை அவர் கையில் இருந்தது.

உள்ளே ஒரு பெரிய முட்டல் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் திரும்பிப் போனபோது வேன் ஓரடி முன்னால் வந்து நின்றிருந்தது. சுகந்தி கியரைப் போட்டு அமுக்கி நிறுத்தியிருந்தாள். அவளது ஒரு கால் இன்னும் பிரேக்கின் மேலேயே இருந்தது.

"மேஸ்திரி..."

"பலகையைக் கீழ வைங்ணா."

வைத்தார். அவள் தண்ணீர் குடித்தாள். எஞ்சின் சூடு ஆறும்வரை காத்திருந்தார்கள்.

"ரிட்டர்ன் பைப்பைக் கழட்டுங்க" என்றாள்.

டர்போவிலிருந்து எண்ணெய் எஞ்சினுக்குத் திரும்பும் பைப் அது. கழற்றினார். வாயில் வைத்து ஊதிப் பார்த்தார்.

"காத்து நல்லாப் போகுதுங்க."

"எண்ணெய் ஊத்துங்க."

ஊற்றினார். மேலே தேங்கி நின்றது. கீழே நூலாக இறங்கியது.

"டர்போவுக்குள்ள எண்ணெயைப் பம்பு தள்ளிவிடுது. திரும்பிப் போறப்பத் தள்ள ஆள் கிடையாது. அதுவா இறங்கோணும். இறங்க வழியில்லாட்டி டர்போவுலயே தேங்கி, காத்துப் போற பக்கம் கசிஞ்சுரும். பைப்போட வாயைப் பாருங்க."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பைப்பின் உதட்டிலிருந்து உள்பக்கமாக, மூட்டு ஒழுகாமலிருக்கப் பூசும் கறுப்புப் பேஸ்ட் பிதுங்கி, பாதி வாயை அடைத்திருந்தது. விரலை விட்டார். ரப்பர் துண்டாக உரிந்து வந்தது.

"யார் வெச்சது?"

"நான்தானுங்க."

"அங்க நடுவுல வெக்கிற பேக்கிங் தகடு மட்டும் போதும். பேஸ்ட் எதுக்கு வெச்சீங்க?"

"ஒழுகக் கூடாதுன்னுதானுங்க."

"ரெண்டாவது டர்போவுக்கு?"

நாச்சிமுத்து கையிலிருந்த துண்டைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் சேர்த்து வெச்சேனுங்க."

இருவரும் பைப்பைச் சுரண்டினார்கள். காற்றுக் குழாய்களில் தேங்கிக் கிடந்த எண்ணெயையெல்லாம் வடித்துத் துடைத்தார்கள். நாச்சிமுத்து புதுப் பேக்கிங் வைத்துப் பைப்பை மாட்டினார். அவர் கை ஒருமுறை பேஸ்ட் டியூபை நோக்கிப் போயிற்று. கையை மடக்கிக்கொண்டார்.

மறுபடி கிளப்பியபோது அவர் பலகையோடு போய் அதே இடத்தில் நின்றார். பலகையைக் காற்று வாய்க்கு நேராகப் பிடித்தபடியே நின்றார். மிச்சம் இருந்த எண்ணெய்க்கு நீலப் புகை கொஞ்ச நேரம் வந்தது. அப்புறம் தெளிந்தது. சுகந்தி மிதித்தாள், விட்டாள். சத்தம் ஏறியது, இறங்கியது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் நின்றது.

மத்தியானம் ராசாங்கம் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவர் முகம் தெளியவில்லை.

"மாட்டினவர் என்கூட மலைக்கு வரட்டும். வந்தாத்தான் நான் ஆள் ஏத்துவேன்."

சுகந்தி நாச்சிமுத்துவைப் பார்த்தாள்.

அவர் வேனுக்கு அடியில் குனிந்தார். ரிட்டர்ன் பைப்பின் மூட்டைத் தடவினார். விரலைப் பார்த்தார். ஈரமில்லை. மறுபடி தடவினார்.

"மேஸ்திரி, வெறும் பேக்கிங்தானே வெச்சிருக்கோம். பாதி மலையில ஒழுகுச்சுன்னா?"

சுகந்தி வேன் கதவைத் திறந்து பிடித்தாள்.

"ஒழுகினா வெளியிலதானே ஒழுகும். எஞ்சினுக்குள்ள போகாது, கண்ணுல படும். ஏறுங்ணா."