ஏரித் தண்ணீருக்கு மாற்று வீடு

பெரிய ஏரியின் விலை பத்தாயிரம் வராகன். முன்னொரு காலத்தில் ஓர் அரசருக்கு, ஏரியைத் தூர்த்து அண்டை நாட்டில் இருப்பதைவிடப் பெரிய கடைவீதி கட்ட வேண்டும் என்று ஆசை வந்தபோது படிந்த விலை அது.

வாங்க வந்தவர் ஓர் அயல்நாட்டு வணிகர். பேரம் பேசியவர் கருவூலத் தலைவர் திருமேனியார். சந்தை வழக்கப்படி துண்டுக்கு அடியில், பிறர் காணாமல், விரல் பிடித்து விலை பேசினார்கள். அரசவை விகடன் வயிரவன், தரகர் தெருவில் வளர்ந்தவன், துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். விலை படிந்ததும் கையை உருவிக்கொள்வதுதான் முறை. திருமேனியார் பத்தாயிரம் என்று உரக்கச் சொன்ன பிறகும் துண்டு மெல்ல அசைந்தது. பத்தாயிரத்துக்கு மேல் அங்கே விரல்களுக்கு என்ன வேலை? வயிரவனுக்கு உறுத்தியது. கேட்டால் ஆதாரம் கேட்பார்கள். அதனால் வேறொன்று கேட்டான்.

"அரசே, ஏரியைத் தூர்த்தால் பன்னிரண்டு ஊர்க் கிணறுகள் வற்றும். அது போகட்டும், அடைமழையில் வருகிற தண்ணீர் எங்கே போகும்?"

திருமேனியார் சிரித்தார். "கேட்டவரே இடம் பார்க்கட்டும், அரசே. பதினைந்து நாள் கொடுங்கள். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்." அரசருக்கு அது வேடிக்கையாகப் பட்டது, ஆணையாகிவிட்டது.

பதினான்கு நாளும் வயிரவன் குயவர்களிடம் குடம் வாடகைக்குப் பேசிக்கொண்டிருந்தான். மூட்டை கட்டுகிறான் என்று அரண்மனையில் பேச்சு.

பதினைந்தாம் நாள் காலை, வேட்டி நனைய, மூச்சு வாங்க அவைக்குள் ஓடிவந்தார் திருமேனியார். வயிரவன் வண்டி வண்டியாக ஏரித் தண்ணீர்க் குடங்களைக் கொண்டுவந்து தம் வீட்டுக் கூடத்தில் கவிழ்த்துவிட்டதாகவும், கணுக்காலளவு தண்ணீரில் கெண்டைமீன் நீந்துவதாகவும் முறையிட்டார்.

அரசர் வயிரவனைப் பார்த்தார்.

"தங்கள் ஆணைதான், அரசே. தண்ணீருக்கு இடம் பார்த்துவிட்டேன். ஏரி விற்ற பணம் எந்த வீட்டுக்குப் போகிறதோ, தண்ணீரும் அங்கேயே போகிறது. வராகனுக்குப் பத்துக் குடம். தங்கள் பத்தாயிரத்துக்கு லட்சம் குடம். நாளை அந்தப்புரத்தில் தொடங்குகிறேன். இவருடைய ஐயாயிரத்துக்கு ஐம்பதாயிரம் குடம். இன்று முந்நூறுதான் இறக்கினேன்."

ஆயுள் முழுக்கப் பேரம் பேசிய வாய். கூடுதலாக ஒரு தொகை காதில் விழுந்ததும் அதுவாகத் திறந்தது. "ஐயாயிரமா? இது என்ன அநியாயம்? இரண்டாயிரத்துக்கு மேல் ஒரு காசு நான்..."

திருமேனியாரின் வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

"சரி ஐயா, உங்களுக்காகக் குறைத்துக்கொள்கிறேன்," என்றான் வயிரவன். "இருபதாயிரம் குடம்."

அரசர் முதலில் திருமேனியாரை முறைத்தார். பிறகு அந்தப்புரத்துக் கட்டிலுக்கு அடியில் கெண்டைமீன் நீந்துவதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். தோள் குலுங்கச் சிரித்தார். விற்பனை ரத்தானது. வணிகரின் முன்பணம் திரும்பியது. ஏரியின் காவல் வயிரவனுக்கு, ஒரு பட்டுச் சால்வையோடு. திருமேனியார் பதவியை இழந்தார். தம் வீட்டுக் கூடத்துத் தண்ணீரைத் தாமே தலையில் சுமந்து ஏரியில் சேர்க்கவும் வேண்டும்.

கரையில் நின்று எண்ணியவன் வயிரவன். ஏரியிலிருந்து போனது முந்நூறு குடம். திரும்பியது இருநூற்றுப் பதினேழு. மீதியை வெயில் குடித்துவிட்டது, ஐப்பசியில் வானம் கொடுத்துவிடும் என்று வாதாடினார் திருமேனியார். வயிரவன் ஒப்பவில்லை, வானம் தருவது வானத்தின் கணக்கு.

பாக்கி எண்பத்து மூன்று குடம்.