நிறுத்தக் கூடாத நாற்பது

சரவணம்பட்டியில் ஒரு கம்பெனி, கம்பெனிக்கு ஒரு பெரிய சர்வர், அந்த சர்வரின் வயிற்றுக்குள் மென்பொருளாலேயே உருவான தொண்ணூறு மெய்நிகர் கணினிகள். அதில் நாற்பது மேலாளர் தணிகாசலத்தின் பெயரில். சர்வருக்கு மூச்சு முட்டியது.

"மாசக் கடைசிக்குள்ள சுமை பாதியாகணும். யாராவது பயன்படுத்துறதை மட்டும் நிறுத்தக் கூடாது. முடியலேன்னா வேற ஆள் பார்த்துக்கறோம்" என்று ஒப்பந்த ஊழியை ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டுப் போனார் அவர்.

ஜெசிந்தா தானாக ஓடும் ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் எழுதினாள். ஆறு மாதமாக யாரும் எட்டிப் பார்க்காத கணினிகளை அது தேடிப் பிடிக்கும். உரியவருக்கு மெயில் அனுப்பும். மூன்று நாளில் பதில் வராவிட்டால் நிறுத்திவிடும்.

மாதக் கடைசியில் கம்பெனி இயக்குநர் ஒரு கூட்டம் போட்டார். "சுமை பாதியாயிருச்சுங்க சார்" என்றாள் ஜெசிந்தா.

தணிகாசலம் பதறினார். "என் நாற்பதைத் தொடலையே? அதுல ஒண்ணு ஒரு நிமிஷம் நின்னாலும் கம்பெனியே படுத்துரும்!"

"நாப்பதும் நின்னு பத்து நாளாச்சுங்க சார். நாப்பது மெயில் போச்சு, ஒண்ணுக்கும் நீங்க பதில் போடலீங்க."

இயக்குநர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "இந்த ஸ்கிரிப்ட் சும்மா இருக்கிற கம்ப்யூட்டரை மட்டும்தான் தேடிப் பிடிக்குமாம்மா?"

ஜெசிந்தா தணிகாசலத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"இப்போதைக்கு அவ்வளவுதாங்க சார்."